ஒரு குரலுக்கான எண்

ரேடியோ ஸ்கேனருக்குள் இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பொத்தான்களை மறுபடி முதலிலிருந்து அழுத்தினார். எண். புள்ளி. எண். பிறகு சேமிக்கும் பொத்தான்.

திரையில் அலைவரிசை எண் ஒருமுறை மின்னிவிட்டுக் காணாமல் போனது.

சேமிக்கவில்லை.

தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து மீனம்பாக்கம் பக்கம் போனது. வயிறு தெரிந்தது. சக்கரங்கள் தெரிந்தன. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் யாரென்றுதான் தெரியவில்லை.

அவர்களில் ஒருத்தி மதுவந்தியாக இருக்கலாம்.

மதுவந்தி அவருடைய ஒரே மகள். துணை விமானி. தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் பெட்டியோடு இறங்கிப்போன அன்று, படிக்கட்டின் மேலே நின்று அவர் கத்தினார்.

"இனிமே உன் குரல்கூட என் காதுல விழக்கூடாது!"

விழவில்லை. அப்பா சொன்னதை அவள் மீறியது கல்யாண விஷயத்தில் மட்டும்தான்.

அம்மாவிடம் பேசுவாள். புனிதா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். கூடத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதெல்லாம் மனைவி கொட்டும் "ம்"கள்தான். அவற்றை வைத்து மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வதைக் கேட்க ஒரு கருவி இருக்கிறது என்று யூடியூபில் யாரோ சொன்னார்கள். வாங்கிவிட்டார். வாங்கியதோடு கேட்டுவிடும் என்று நினைத்திருந்தார்.

எண்ணைச் சேமிக்க அந்தப் பொத்தானைச் சற்று நேரம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது தெரியவே நாளாயிற்று.

சேமித்த பிறகும் பேச்சு சேற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. விமானப் பேச்சு எஃப்எம்மில் பிடிபடாது, ஏஎம்முக்கு மாற்ற வேண்டும் என்று புரிந்தது.

இரைச்சலை அடக்க ஒரு குமிழ். கூடத் திருகினால் இரைச்சலோடு பேச்சும் அடங்கியது. குறைத்தால் தகரக் கூரையில் மழை.

எல்லாம் சரியானபோது ஸ்கேனர் ஓர் எண்ணில் நிற்காமல் அடுத்ததற்குத் தாவியது. கோபுரம் கேட்பது விழும். விமானம் பதில் சொல்வதற்குள் ஓடிவிடும்.

"கொஞ்சம் நில்லேன்," என்று அதனிடமே சொன்னார்.

பதில் வரும்வரை நிற்கவைக்கவும் அதில் ஒரு வழி இருந்தது. அதையும் கற்றுக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் கேட்டார். எல்லாம் ஆண் குரல்கள். அவசர ஆங்கிலம். முதலில் எண்களைத் தவிர எதுவும் பிடிபடவில்லை.

புனிதா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் துணி உலர்த்த வந்தவள், கொடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னைக்கு மத்தியானம் கொச்சியிலேருந்து வர்றாளாம். ஃப்ளைட் நாலு எட்டு ஒம்பது."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அந்த எண் வந்தது. ஃபோர் எயிட் நைன்.

ஆண் குரல்.

ஸ்கேனரைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார். மறுபடியும் அதே ஆண் குரல். ஒருவேளை வேறு யாரையாவது அனுப்பிவிட்டார்களோ?

அப்போதுதான் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. விமானிகள் இரண்டு பேரில் ஒருவர்தான் ரேடியோவில் பேசுவார்.

மற்றவர் ஓட்டிக்கொண்டிருப்பார்.

அவர் எழுந்து நின்றார். விமானம் வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, மறுபடி நேராகி வந்தது. அந்தச் சாய்வும் நிமிர்வும் அவள் கைவேலை. கட்டடங்களுக்குப் பின்னால் அது மறையும்வரை நின்றார். தரையிறங்கி ஓடுபாதையிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று ஆண் குரல் சொல்லும்வரை உட்காரவில்லை.

அடுத்த வாரமும் புனிதா துணிக்கொடியிடம் ஓர் எண்ணைச் சொன்னாள்.

இந்த முறை பெண் குரல்.

அவளேதான். ஆங்கிலம், வேகம், இடையில் அவருக்குப் புரியாத ஏதேதோ. வாக்கியத்தின் நடுவே குரல் கரகரத்து நின்றது. ஒருமுறை இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அவ்வளவுதான். ஸ்கேனர் அமைதியாகிவிட்டது.

அவர் படியிறங்கிச் சமையலறைக்குப் போனார்.

"அவளுக்குச் சளி பிடிச்சிருக்கு."

புனிதா கரண்டியை வைத்தாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"மூக்கு நல்லா அடைச்சிருக்கு. இதோட எதுக்கு வேலைக்குப் போறா? ஆவி பிடிக்கச் சொல்லு. நொச்சி போட்டு."

"சொல்றேன்."

"இப்பவே சொல்லு."

"இப்பதான இறங்கியிருப்பா. வண்டியை விட்டு வெளிய வரட்டும்."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சோறு ஆறியது. யாரும் தட்டு எடுக்கவில்லை. பிறகு புனிதா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

மணி போகிற சத்தம் அவருக்கும் கேட்டது.

புனிதா போனை அவர் கையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

மறுமுனையில் எடுக்கப்பட்டது. பேச்சுச் சத்தம், யாரோ சக்கரப் பெட்டி இழுக்கிற சத்தம். ஒரு தும்மல்.

"அம்மா?"

மூக்கடைப்பில் அது 'அப்பா' என்று கேட்டது.

"ஆமாடா," என்றார்.