ஜொனி சொல்லாத விடை

ஜொனி சொல்லி முடித்துவிட்டான். பேனா நிற்கவில்லை.

வழக்கமாக அவனுக்குப் பேனாவின் சத்தம் கேட்பதில்லை. பக்கத்து அறையில் போட்டோகொப்பி மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று பண்டாரவளை முழுக்கக் கரண்ட் இல்லை. பரீட்சைக்காக அவனுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் அவனும் பலீலா மிஸ்ஸும் மட்டும்.

அவனுக்குக் கண் தெரியாது. அவன் விடையைச் சொல்ல வேண்டும். மிஸ் எழுத வேண்டும்.

அந்தத் தனியார் கெம்பஸின் மாணவர் நலப் பிரிவு அவனுக்குச் செய்துகொடுத்த உதவிகளில் இதுவும் ஒன்று. இலவசப் படிப்பு, விடுதி அறை, பாடங்களை வாசித்துக் காட்டும் லெப்டொப், பரீட்சைக்கு எழுத ஓர் ஆள். பஸ் ஸ்டாண்டில் அவன் படம் போட்ட பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கிறதாம். லுணுகலையிலிருந்து வந்த அவன் அம்மா லூசியா பார்த்துவிட்டுச் சொன்னாள்.

பேனா இன்னும் ஓடியது. ஒரு பக்கம் முடிந்து தாள் புரண்டது.

தோட்டத் தொழிலாளர்களுக்கான நலச் சேவைகளின் குறைகள் யாவை என்பதுதான் கேள்வி. ஜொனி அதற்குப் படித்திருக்கவே தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு வயதில் அம்மை போட்டது என்று தொடங்கினான். தோட்டத்து டிஸ்பென்சரி மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. அம்மா மூன்று நாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நான்காம் நாள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் கண் இரண்டும் போய்விட்டன.

அந்தப் பிள்ளை யார் என்று அவன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, எந்தச் சேவை ஏட்டில் இருக்கிறது, எது உண்மையில் இருக்கிறது என்று ஆறேழு வாக்கியம். அவ்வளவுதான்.

“என்ன மிஸ் எழுதிக்கிட்டே இருக்கீங்க? கொஞ்சம் வாசிங்க.”

சும்மா திருத்தி எழுதுகிறேன், அடுத்த கேள்விக்குப் போங்கள் என்றாள் மிஸ். அவன் போகவில்லை. கைகளை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கடைசியில் அவள் தாழ்ந்த குரலில் வாசித்தாள். பெருந்தோட்ட மக்கள் தமக்கு வழங்கப்படும் சேவைகளைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள். அவர்களது பின்தங்கிய மனப்பான்மையும் மதுப்பழக்கமும், பிள்ளைகளின் உடல்நலத்தில் தாய்மார் காட்டும் அக்கறையின்மையும்...

போதும் என்றான் ஜொனி.

கெம்பஸ் நோட்ஸ். லெப்டொப் அதை வாசித்துக் காட்டிய நாளில் அவன் பாதியில் நிறுத்தியிருந்தான். இப்போது அது அவனுடைய பரீட்சைச் சுட்டெண்ணின் கீழ், அவன் சொன்னதாக, அவன் அம்மாவைப் பற்றி.

 

எப்போதிருந்து என்று கேட்டான். ரொம்ப நாளாகத்தான், நலப் பிரிவுப் பணிப்பாளர் சேர் சொன்னபடி என்றாள். எல்லாப் பாடத்துக்குமா என்று கேட்டான். பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சேர் ஒவ்வொரு விழாவிலும் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டுதான் மைக்கில் பேசுவார். சென்ட் மணக்கும் கை. கூட்டம் உச்சுக்கொட்டும். அடுத்த மாதம் பதுளையில் நடக்கப்போகும் விழாவில் லூசியாவும் மேடையேறி நன்றி சொல்ல வேண்டுமாம். என்ன பேச வேண்டும் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். அம்மா அதை லயத்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.

தான் பாஸான ஒரு பாடமும் தன்னுடையது இல்லை என்று ஜொனிக்குத் தோன்றியது. அந்தக் கை பட்ட தலையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

“எல்லாத்தையும் அடிச்சிருங்க மிஸ். நான் சொன்னத மட்டும் எழுதுங்க. பெயிலானா நான் பெயிலாகிட்டுப் போறேன்.”

என்னுடைய வேலை போய்விடும் என்றாள் அவள். உங்கள் இலவசப் படிப்பும் போய்விடும் என்றாள். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். வெளியே இருக்கும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் வாசிக்கச் சொல்வேன் என்றான்.

தாளின் குறுக்கே பேனா நீளமாக ஒரு கோடு கிழிப்பது கேட்டது. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்த பக்கத்தில் இன்னொன்று.

ஜொனி உட்கார்ந்தான். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. மிஸ் புதுத் தாள் எடுத்துச் சுட்டெண்ணை எழுதினாள். எழுதிவிட்டு, அவன் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

முதலாம் வருடத்து முதல் பரீட்சையை மட்டும் அவன் சொன்னபடியே எழுதினாளாம். ஓர் எழுத்துக்கூடக் கூட்டவில்லையாம். எண்பத்தொரு புள்ளி. வகுப்பிலேயே கூடுதலான புள்ளி அதுதான். மறுநாள் சேர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாராம்.

“கண் தெரியாத தோட்டத்துப் புள்ளைக்கு எண்பத்தொண்டு வந்தா, நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கண்டு ஊரே கதைக்கும். இனி நோட்ஸ்ல உள்ளத எழுதுங்க, அறுபது வந்தாப் போதும் எண்டாரு தம்பி.”

ஜொனிக்கு அந்த எண்பத்தொன்று நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பாடத்திலும் அவன் அறுபத்தைந்தைத் தாண்டியதில்லை.

தன் மூளை மழுங்கிவிட்டது என்று அவன் நம்பியிருந்தான். அதனால் கடந்த இரண்டு கிறிஸ்மஸுக்கும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் போய்விட்ட விடுதியில் தனியாக உட்கார்ந்து, பாடங்களை ஆரம்பத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.