குறிஞ்சிக்கு அடுத்த தடவை உண்டு

விழும்போதும் அவன் கேமராவைத்தான் தூக்கிப் பிடித்தான்.

ஈரப் பாறை. கணுக்கால் மடங்கிய சத்தம் பின்னால் ஏறிவந்த மனைவிக்கே கேட்டது. கேமராவில் ஒரு கீறல் இல்லை.

உச்சிப் பாறைக்கு இன்னும் இருபதே அடி. அதற்கு அப்பால்தான் சரிவு. சரிவு முழுக்கக் குறிஞ்சி. பன்னிரண்டு வருடம் நாள் எண்ணி, வனத்துறையில் அனுமதி வாங்கி, கொடைக்கானலிலிருந்து விடிவதற்குள் ஜீப்பில் வந்து, மீதியை நடந்து ஏறியதெல்லாம் அந்த இருபது அடிக்காகத்தான்.

எழுந்து பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

கிழக்கே மேகத்தின் ஓரம் வெளுத்துக்கொண்டிருந்தது.

“நீ போ.” கேமராவை அவளிடம் நீட்டினான். “நீயாவது எடு. வெயில் ரெண்டு நிமிஷம்கூட நிக்காது.”

அவன் குரல் கெஞ்சியது. வலியால் அல்ல. கட்டிய மனைவிக்கு இதுகூடத் தெரியாதா?

வாங்கிக்கொண்டாள்.

போன தடவை பூத்தபோது ட்ரைபாடைச் சுமந்து வந்தவள் அவள். மூன்றாம் மாதம். இதே உச்சிப் பாறை. மேகம் விலகட்டும் என்று அவன் வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்து நின்றிருந்தான். அவளுக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது.

“என்னங்க.”

அவன் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினான்.

“அஞ்சு நிமிஷம். லைட் வருது.”

மறுபடி கூப்பிட்டாள்.

மறுபடி கை உயர்ந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது சுடிதார் நனைந்திருந்தது. அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரம் நீண்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து, கேமராவின் திரையைப் பார்த்தபடியே சொன்னான். “அடுத்த தடவை பாத்துக்கலாம், வசு.”

எதைச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

பூவுக்கு அடுத்த தடவை இருந்தது. அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் இப்போது ஆறாம் வகுப்பு.

அந்தப் படம் பரிசு வாங்கியது. கூடத்தில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன் நின்று சொல்லிவைத்தாற்போல ஒன்றைத்தான் சொல்வார்கள். என்ன பொறுமை சார் உங்களுக்கு! அவன் கூச்சத்தோடு சிரிப்பான். அவள் காபி கொண்டுவந்து வைப்பாள். வாரம் ஒரு முறை அந்தக் கண்ணாடியைத் துடைப்பவளும் அவள்தான். துடைக்கும்போது அதில் தெரியும் அவள் முகத்தை அந்தப் பாவி ஒரு நாளும் பார்த்ததில்லை.

உச்சிப் பாறைக்கு ஏறினாள். கீழே இருப்பவனுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

“மேனுவல்ல வை!”

வைத்தாள். ஆட்டோவில் இருந்தால் கேமரா எதிரே இருப்பதைத் தேடும். கிடைக்காவிட்டால் அடம்பிடிக்கும். மேனுவலில் எதையும் தேடாது. அமுக்கினால் போதும். அவனே கற்றுக்கொடுத்ததுதான்.

லென்ஸ் மூடியை அவள் கழற்றவில்லை.

மேகம் விலகியது.

வெயில் சரிவில் இறங்கியது. நீலம் என்றும் சொல்ல முடியவில்லை, ஊதா என்றும் சொல்ல முடியவில்லை. மலையே கொஞ்சம் எழுந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அன்றைக்கு அவள் இதைப் பார்க்கவில்லை. பாறையில் சுருண்டு கிடந்தாள். கூடத்துப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தாள்.

விரல் மட்டும் அமுக்கியது.

க்ளிக்.

கீழே அவன் மூச்சை இழுப்பது கேட்டது.

க்ளிக். க்ளிக்.

“கெடச்சுதா?”

“ம்.”

“எடுத்துக்கிட்டே இரு!”

எடுத்துக்கொண்டே இருந்தாள். அவன் சொல்லி எதைத்தான் அவள் செய்யவில்லை?

அடுத்த தடவை பூக்கும்போது அவனுக்கு எழுபது தாண்டியிருக்கும். இந்தக் கணுக்காலை வைத்துக்கொண்டு ஏறவா போகிறான்? பாவமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. தித்தித்தது.

மேகம் மூடியது. சரிவு மறுபடி வெறும் சாம்பல் நிறமானது.

இறங்கி வந்தாள். அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். தூக்கிவிடச் சொல்லி அல்ல.

கேமராவை அவன் கழுத்தில் மாட்டினாள்.

“அட, மூடிகூடப் போட்டுட்டியே,” என்று மெச்சிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. “வசு, இது போதும் எனக்கு. ஜென்மத்துக்கும் போதும்.”

“ஜீப்காரரைக் கூட்டிட்டு வரேன்.”

ஒற்றையடிப் பாதையில் இறங்கத் தொடங்கினாள். அவசரமில்லை. வழியெல்லாம் பூ. துப்பட்டா படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் கேமரா உயிர்பெறும் ஒலி.

பட்டனை ஒரு முறை அமுக்குகிறான். இன்னொரு முறை. அடுத்தது. அதற்கடுத்தது. இப்போது வேகவேகமாக.

பிறகு சத்தமே இல்லை.

“வசு.”

நடந்தாள்.

“வசு!”

அவள் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.