படுதாவில் இல்லாத சூரியன்

"சூரியன் என்னைய என்ன பண்ணப் போவுது? உங்க படப்பெட்டியக் கண்டாத்தான் பயமா இருக்கு. நான் வரலைலா!"

கருப்பம்மாள் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவள் புருஷன் மாயாண்டி விடுவதாக இல்லை.

"ஒரே ஒரு படம், புள்ள. வீட்டுக்குப் பின்னாடி இருக்கற ஆறு. நீ கல்லு மேல நிக்கற, மலைக்கு மேல சூரியன் வருது, டக்குனு முடிஞ்சிரும்."

"எங்கக்காளுக்கும் டக்குனுதான் முடிஞ்சிச்சு. ரப்பர் தோட்டத்துல படம் புடிச்சு மாசம் திரும்பல, காய்ச்சல்ல போயிட்டா. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு அப்பவே எல்லாரும் அடிச்சுக்கிட்டாங்க."

"அந்த வருசம் பாதித் தோட்டத்துக்குக் காய்ச்சல். அவங்கள்லாம் படமா புடிச்சாங்க?"

அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாயாண்டி மலாயாவின் ஈப்போ நகரில் ஒரு சீனரின் படக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றவன். சாயத்தில் சூரியன் எழுதின படுதாவுக்கு முன்னால் ஊர்ச் சனத்தையெல்லாம் நிறுத்திப் படம் பிடித்தவன். தாலி கட்டினவளுக்கு மட்டும் ஒரு படம் கிடையாது. கொடுமையைப் பாருங்கள்!

இப்போது அதற்கு அவசரம் வந்துவிட்டது. போன வாரம் ஆஸ்பத்திரி டிரெசர் சின்னையா அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "காசம் முத்திப் போச்சு மாயாண்டி. தீவாளி வரைக்கும் தாங்குறதே கஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

"எம் பொஞ்சாதி காதுக்குப் போவக் கூடாதுண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையா குட்டியா, கடல் தாண்டி வந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? தன் மூச்சு நின்றால் அவள் நெற்றி வெறுமையாகிவிடும். அதற்குள் அந்த முகத்தை ஒரு படத்தகட்டிலாவது பத்திரப்படுத்திவிட வேண்டும்.

மறுநாள் விடியுமுன்னே ஆற்றங்கரைக்குப் போய், சூரியன் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, பனி எப்போது விலகுகிறது என்றெல்லாம் பார்த்து வைத்தான். பனி பட்டு இருமல்தான் கூடியது.

அன்று சாயங்காலம் அவனுக்கு இருமல் மருந்து வாங்கப் போன கருப்பம்மாள், வந்ததும் வராததுமாக, "நாளைக்கே போலாம்ங்க" என்றாள்.

"எங்க?"

"ஆத்துக்கு. படம் புடிக்க."

மாயாண்டிக்கு நம்பவே முடியவில்லை. படக்கடைக்கு ஓடி, சீன முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டியையும் அரை டஜன் கண்ணாடித் தகடுகளையும் வாங்கி வந்தான்.

காலையில் கல்யாணச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அவள் கல்லின் மேல் ஏறி நின்றாள். ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்த ஆறு கலங்கலாக ஓடியது. சுண்ணாம்பு மலைக்கு மேல் சூரியன் தலைகாட்டியதும் தண்ணீர் சிவந்தது. மாயாண்டி கறுப்புத் துணிக்குள் புகுந்து, இருமலை அடக்கிக்கொண்டு, "அசையாத புள்ள!" என்றான்.

அவள் இமைகூடக் கொட்டவில்லை.

"முடிஞ்சிச்சு, எறங்கி வா."

"இன்னொண்ணு புடிங்க."

அட, நேற்றுவரை பெட்டியைக் கண்டால் ஓடினவளா இவள்! சந்தோஷமாக இன்னொன்று பிடித்தான்.

"இன்னும் ஒண்ணு."

அதையும் பிடித்துவிட்டுச் சிரித்தான். "ஆயுசு கொறையும்னு சொன்னதெல்லாம் சும்மா கதைன்னு இப்பவாச்சும் தெரிஞ்சிச்சா?"

கருப்பம்மாள் கல்லைவிட்டு இறங்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"கதையா இருக்கக் கூடாதுங்க. டிரெசர் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உங்களுக்கு முந்தி நான் தாலியோட போயிரணும். மிச்சம் இருக்கற தகடு அம்புட்டுலயும் என்னையப் புடிங்க!"