மூட்டத்துக்குள் ஒரு பந்து

எங்கள் நண்பன் ஓர்வில், ஒரு பேஸ்பால் பந்தைக் கண்ணால் பார்க்காமல், மோப்பம் பிடித்தே ஓடிப்போய்ப் பிடித்தவன். அன்று அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையில் இறங்கிய பனிமூட்டத்தை வெட்டி ரொட்டியில் தடவியிருக்கலாம். மூக்கைச் சொறிய நினைத்தவன் முதலில் மூக்கைத் தேட வேண்டியிருந்தது. நாற்பத்தொரு வருடமாக நான் இதைச் சொல்கிறேன். பந்தை அடித்த கிளெமென்ட் நாற்பத்தொரு வருடமாக மறுக்கிறான். இப்போது மூவரும் ஆஸ்பத்திரி அறையில் இருக்கிறோம். மாலை வெயில் போர்வை மேல் கிடக்கிறது. ரேடியோவில் ஆட்டம் முணுமுணுக்கிறது. ஓர்வில் கண்மூடிக் கிடக்கிறான். அவனுடைய இடது கை மட்டும் கையுறைக்குள் இருப்பதுபோல் குவிந்திருக்கிறது. என் மடியில் அன்றைய ஸ்கோர் புத்தகம் விரிந்திருக்கிறது. ‘அவுட்’ என்று நான் எழுதியதன் பக்கத்தில், கிளெமென்ட் சண்டை போட்டு வைக்கச் சொன்ன பென்சில் கேள்விக்குறி. அதை அழிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று ஓர்வில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“புல்லுல கிடந்ததப் பொறுக்கிட்டுத் தூக்கிக் காட்டினான்னுதானடா இன்னிக்கும் சொல்லப்போற?” என்கிறேன்.

கிளெமென்ட் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைக்கிறான். அதன் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே இருக்கிறான்.

ஓர்வில் கண் திறக்கிறான். “நீ பாத்தியாடா, கிளெம்?”

“அடிச்சிட்டு நான் ரெண்டாவது பேஸ்கிட்ட ஓடி வரும்போது மூட்டம் ஒரு நொடி விலகுச்சுடா,” என்கிறான் கிளெமென்ட். “பாத்தேன். பாஞ்சு புடிச்ச. பந்து தரையில படவே இல்ல.”