அண்ணன் வீட்டுச் சுவர்

“டேய் அன்பரசா! எறங்கி வாடா கீழ! உன் ஏசி மறுபடியும் என் செவுத்துல ஒழுவி, ஹாலே கொளமாட்டம் நிக்குது!”

இட்லித் தட்டின் முன் உட்கார்ந்திருந்த அன்பரசன் சட்டென்று எழுந்தான். திட்டு வாங்கப் போகிறவனுக்கு இருக்க வேண்டிய கவலை அவன் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

“எழிலு, கவியாவத் தூக்கிக்க. போலாம்.”

“திட்டு வாங்கறதுக்குக் கொழந்த எதுக்குங்க?” என்றாள் மனைவி எழிலரசி.

“தூக்கிக்கினு வாயேன், சொல்றேன்.”

செங்கம் ரோட்டில் அப்பா கட்டிய வீடு அது. கீழே அண்ணன் அருணகிரி, மாடியில் தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழ்பென்னாத்தூர் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, கிணறு யாருக்கு என்று வாய்ச்சண்டை முற்றிவிட்டது. அருணகிரி விறுவிறுவென்று மொட்டை மாடிக்கு ஏறி, மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, “இவன்கிட்ட நியாயம் கேக்க வேண்டி வந்தா மட்டும்தான் இனி வாயத் தொறப்பேன். அண்ணாமலையார் மேல ஆணை!” என்று சத்தியம் செய்தார். ரோஷத்தில் தம்பியும், அண்ணன் நியாயம் கேட்டால் பதில் சொல்ல மட்டும்தான் வாயைத் திறப்பேன் என்று சத்தியம் செய்து வைத்தான்.

கோபம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. சத்தியம்தான் தீரவில்லை. மனிதர்களிடம் சொன்னதை மாற்றிச் சொல்லலாம். கதவைத் திறந்தாலே எதிரில் நிற்கிற மலையிடம் சொன்னதை என்ன செய்வது? கவியா பிறந்து வீட்டுக்கு வந்த அன்றுகூட அருணகிரி வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். நியாயம் கேட்க ஒரு தப்பும் அகப்படவில்லை, பாவம்.

இந்த வருடம் சித்திரை வெயிலில், குழந்தைக்காக அன்பரசன் ஒரு ஜன்னல் ஏசி வாங்கினான். அது உள்பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கி, கீழே ஹாலில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு உதிர்ந்தது. அருணகிரி வாயைத் திறந்தார். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து வைத்துத் திட்டினார். அன்றைக்கு மாடிக்கு வந்து அன்பரசன் அழுதேவிட்டான், சந்தோஷத்தில்.

ஏசி சரியாகிவிட்டால் அண்ணன் மறுபடி ஊமையாகிவிடுவாரே என்பதுதான் இப்போது அவனுடைய ஒரே பயம். சுவர் இடிந்து விழுந்துவிடுமோ என்பது எழிலரசியின் பயம். அவள் நச்சரித்த நச்சரிப்பில் மெக்கானிக் சக்திவேலும் வந்துவிட்டுப் போயிருந்தான்.

கீழே ஹால் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்திருந்தது; அதற்கு மேலே சுவர் காய்ந்தே இருந்தது. அண்ணி தங்கம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாருடா, நல்லா பாரு! ராத்திரி பூரா கர்ர்ருனு ஓட விட்டுட்டு நீ சொகமா தூங்குற. அந்தச் சத்தத்துல நான் பொட்டுத் தூக்கம் தூங்கல!”

“சத்தம் ஜாஸ்தியாண்ணா?”

“ஜாஸ்தியாவா? ரைஸ் மில்லு கெட்டுது போ!”

எழிலரசி குறுக்கிட்டாள். “மாமா, அந்த ஏசி வந்து…”

அன்பரசன் அவள் காலை மிதித்தான். “தப்புதாண்ணா. மன்னிச்சிடுண்ணா.”

“வாயால சொன்னா செவுரு காஞ்சிடுமா? நீ ஏம்மா கொழந்தைய வெச்சிக்கினு ஈரத்துல நிக்கிற? இப்படிக் குடு!”

கவியா பெரியப்பாவின் கைக்குப் போனாள். போன வேகத்தில் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

“பாத்தியா? என்னா புள்ள வளத்து வெச்சிருக்கீங்க! பெரியவங்கன்ற மரியாத கொஞ்சமாவது கீதா?” அதையும் நியாயம் கேட்கிற கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். மீசையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.

தங்கம்மாள் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். “உக்காருங்க தம்பி. சாப்புட்டுக்கினே திட்டு வாங்குங்க.”

“நல்லா போடு. எளச்சிப் போயிட்டான் பாரு. வேளைக்குத் திங்காம ஒடம்பக் கெடுத்துக்கறான், அது ஒரு தப்பு,” என்றார் அருணகிரி. “ஏசிய எப்படா சரி பண்ணப் போற?”

“மெக்கானிக்குக்கு வேல ஜாஸ்தியாம்ணா. லேட்டாவும்ன்றான்.”

“அவன அவசரப்படுத்தாத. அவசர வேல உருப்படாது. ஆனா ஒண்ணு, நாளைக்கும் ஒழுவிச்சின்னா இதே நேரத்துக்கு எறங்கி வரணும். கொழந்தையும் வரணும். நியாயம்னா எல்லாரையும் வெச்சித்தான் கேக்கணும்.”

“கண்டிப்பா வரேண்ணா.”

மாடிக்குத் திரும்பியதும் எழிலரசி பிடித்துக்கொண்டாள். “ஏன் என் கால மிதிச்சீங்க? உண்மையச் சொன்னா என்னவாம்?”

“சொல்லிட்டா, நாளைக்கு எதைச் சொல்லித் திட்டுவாரு எங்கண்ணன்?”

எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே ஏசி இருந்த இடத்தில் வெறும் அட்டைதான் சொருகியிருந்தது. சக்திவேல் ஏசியை ரிப்பேருக்காகக் கழற்றிக்கொண்டு போய் ஒரு வாரமாகிறது.