கைப்பக்குவம்

"இது என்ன, தெக்கேனியோவா? இல்ல அறுந்துபோன செருப்பு வாரா?"

தம்பி மனைவி யுலேமாவின் தட்டிலிருந்து ஒன்றை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்தபடி சியோமாரா கேட்டாள். மாவு ஒரு பக்கம் வாய் பிளந்து, உள்ளிருந்த சீஸ் எண்ணெயிலேயே ஒழுகிப் போயிருந்தது. மாமரத்தடியில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

"தீ கொஞ்சம் கூடிப்போச்சுக்கா." யுலேமா மாவு காய்ந்த விரல்களை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"தீயில என்னம்மா இருக்கு? கையில இருக்கணும்." சியோமாரா அடுத்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்கம்மா பண்ணினதைப் பாரு. எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன், அச்சுல வார்த்த மாதிரி! ஒரு சீஸ் துண்டுக்கு மாவு சுத்திப் பொரிக்கணும், அவ்வளவுதான். இதைவிடச் சுலபமா உலகத்துல ஒரு பலகாரம் இருக்கா? அதுகூட வரலைன்னா நீ என்னத்தைத்தான் கத்துக்கிட்டு வந்தே?"

யுலேமா காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அன்றைக்கு அம்மா ஒஃபேலியாவின் பிறந்தநாள் விருந்து, அவள் வீட்டிலேயே. மரகாய்போவில் தெக்கேனியோ இல்லாத விருந்தை யாரும் விருந்தென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒஃபேலியாவின் தட்டு என்றால் தெருவே வந்து நிற்கும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவள் பொரிப்பாள். சொந்த மகளைக்கூட எட்டிப் பார்க்க விடமாட்டாள்.

சியோமாரா பலகாரம் தின்ன மட்டும் வரவில்லை. அம்மா தனியாகக் கிடந்தது போதும், கையோடு கராகஸில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்றுதான் பஸ் ஏறி வந்திருந்தாள். ஆனால் தம்பி ஆர்ஹெனிஸ், "அம்மா எங்களோட இருக்கட்டும்கா. யுலே பாத்துக்குவா" என்று காலையிலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான்.

யாரு, இவளா? மாவுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாத இவளா என் அம்மாவுக்குச் சமைத்துப் போடப் போகிறாள்?

எண்ணெய்க் கையைத் துடைக்கக் காகிதம் தேடிச் சமையலறைக்குள் போனாள் சியோமாரா. கதவுக்குப் பின்னால் ஆணியில் யுலேமாவின் துணிப்பை தொங்கியது. தோள் இடித்ததில் பை கீழே விழுந்தது. உள்ளேயிருந்து நாலாக மடித்த பிளாஸ்டிக் உறைகள் வெளியே வந்தன.

ஒன்றை விரித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக நிஜமான சந்தோஷம் பரவியது.

அடுத்த நிமிடம் அந்த உறைகளை டோமினோ மேசை மேல் வீசினாள். ஆட்டம் கலைந்தது.

"எல்லாரும் படிங்க! உறைய வச்ச தெக்கேனியோ, எடுத்துப் பொரிச்சா போதுமாம்! கடைச் சரக்கை வாங்கிட்டு வந்து, விடிய எழுந்து மாவு பிசைஞ்சேன்னு நாடகம் ஆடியிருக்கா மகராசி! அதுலயும் பாருங்க, கடைக்காரன் சுத்திக் குடுத்ததைக்கூட உருப்படியா பொரிக்கத் தெரியலை!"

யாரும் சிரிக்கவில்லை. ஆர்ஹெனிஸ் கையிலிருந்த காயைக் கீழே வைத்தான்.

"யுலே, இது உன் பையிலயா இருந்துச்சு?"

யுலேமா ஒரு கணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஆமா."

"நான் எழுந்தப்போ நீ மாவு தேய்ச்சிட்டிருந்தியே?"

"விடுங்க. நான்தான் வாங்கினேன்."

"கேட்டியாடா?" சியோமாரா தம்பியின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பொய்க்காரி கையிலயா அம்மாவை விடச் சொல்றே? ஒரு தட்டுப் பலகாரத்துலயே இவ்வளவு களவுன்னா, அம்மா வாய் திறந்து கேக்க முடியாமப் படுத்துட்டா இவ என்னல்லாம் பண்ணுவா? எங்கம்மா வீட்டு வாசப்படியை இதுவரைக்கும் கடைப் பலகாரம் மிதிச்சதில்ல. குடும்ப மானத்தையே வாங்கிட்டா!"

யுலேமாவின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

"அம்மா, கிளம்பு. துணியெல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்." சியோமாரா அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

ஒஃபேலியா "ஸ்..." என்று வலியில் கையை உருவிக்கொண்டாள். முடங்கிப் போயிருந்த விரல்களை மகளுக்கு முன்னால் விரிக்கப் பார்த்தாள். அவை விரியவில்லை.

"அவளை விடு, சியோமாரா. என் தட்டுக்குன்னு நான் வாங்கிட்டு வரச் சொன்னது அது. உங்கப்பா செத்த வருஷத்துலேருந்து நான் மாவே பிசைஞ்சதில்லடி."