கொழுப்பு குறைந்தது

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்ததும் காரைக்குடி டாக்டர் அசந்துபோனார். "மூணே மாசத்துல உங்க வீட்டுக்காரருக்குக் கொழுப்பு பாதியாக் கொறஞ்சிருக்கே! எப்படிம்மா?"

சத்தியப்பிரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கறி, நெய் எதையும் அவுக தொடுறதில்ல. பாதிச் சோத்துலயே எந்திரிச்சிருவாக. தினமும் கல்லல் தண்டவாளத்தோரமா நடக்குறாக."

"தூக்கம்?"

"அதுதான் கிடையாது. முன்னமாதிரி கோவமும் இல்ல, பேச்சும் இல்ல. நேத்து தச்சு வேலை பாக்குற உளி, இழைப்புளி எல்லாத்தையும் தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டாக. இனி எனக்கெதுக்குன்னாக."

டாக்டரின் முகம் வெளிறியது. "இப்ப எங்கம்மா அவரு?"

"நடக்கப் போயிருக்காக."

"உடனே போன் போடுங்க!"

அவள் எடுப்பதற்குள் போனே அடித்தது. கணவன் பெயரைக் கண்டு பூரித்து, "ஏங்க, ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு!" என்றாள்.

பேசியது ரயில்வே போலீஸ்.